தாங்குவாள்

தையல் மிஷினின் ஊசி பூங்கோதையின் ஆள்காட்டி விரலில் இறங்கி மறுபக்கம் வந்திருந்தது. வெள்ளைத் துணியில் சிவப்பாக ஏதோ பரவுவதைப் பார்த்த பிறகுதான் அது தன் ரத்தம் என்று அவளுக்கே தெரிந்ததாம்.

"வலிக்கலையா?" என்று கேட்டாள் தாட்சாயணி.

"இல்லீங் மேடம். அதான் நல்லதாப் போச்சு. சூப்பர்வைசருதான் பீஸ் வீணாப் போச்சுன்னு சத்தம் போட்டாரு." பூங்கோதை சிரித்தாள். கீமோவில் முடி கொட்டிய தலைக்கு ஊதா நிறத் துணி கட்டியிருந்தாள். விரலில் சுற்றியிருந்த துணியும் அதே ஊதா. பனியன் கம்பெனியில் மிஞ்சிய வெட்டுத் துணியாக இருக்கும்.

நொய்யல்கரை புற்றுநோய் மையத்தின் கீமோ கூடத்தில் சாய்வு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. தாட்சாயணி அங்கே மருந்தியலாளர். கவுன்டருக்குப் பின்னால் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை இல்லை. டாக்டர் எழுதும் கீமோ நேராக நோயாளியின் நரம்புக்குப் போய்விடாது, நடுவில் அவள் இருந்தாள். எடை, உயரம், ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல், வீட்டில் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை, ரகசியமாகக் குடிக்கும் நாட்டு மருந்து எல்லாவற்றையும் பார்த்து, இந்த அளவு இந்த உடம்புக்குச் சரி என்று அவள் ஒப்புதல் கொடுத்தால்தான் உள்ளே கலவை அறையில் மருந்தைக் கலப்பார்கள். தப்பு என்று பட்டால் யாராக இருந்தாலும் கத்திவிடுவாள். கூடத்தில் அவளுக்கு 'கத்துற மேடம்' என்றே பெயர்.

அன்று பூங்கோதையின் நாற்காலி அருகே அவள் போனது ஒப்புதலுக்காக இல்லை. மருந்து ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. போகிற வழியில் அந்த ஊதாத் துணி கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

"விரல் எப்போ இருந்து இப்படி இருக்கு?"

"எப்படிங்க?"

"உணர்ச்சி இல்லாம."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங். நல்லாத்தான் இருக்கறேன்."

தாட்சாயணி தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவள் மடியில் போட்டாள். "இதுக்குப் பொத்தான் போடுங்க பார்ப்போம்."

பூங்கோதைக்கு வேடிக்கையாக இருந்தது. பதினெட்டு வயதிலிருந்து திருப்பூரில் தைத்துக்கொண்டிருப்பவள். ஓவர்லாக், பேட்லாக், காஜா என்று எந்த மிஷினில் உட்கார வைத்தாலும் கை தானாக ஓடும். சிரித்துக்கொண்டே முதல் பொத்தானைப் பிடித்தாள். பொத்தான் நழுவியது. மறுபடி பிடித்தாள். காஜா ஓட்டைக்குள் நுனி போனது, ஆனால் அது போனது விரலுக்குத் தெரியவில்லை, குனிந்து கண்ணால் பார்த்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது. சிரிப்பு நின்றது. பொத்தானை விட்டுவிட்டுப் புடவை முந்தானையில் கைகளைத் துடைத்தாள், ஏதோ எண்ணெய் பட்டு வழுக்குகிறது என்பது போல.

"ஏ.சி. குளிருங்க மேடம். அதனாலதான்."

தாட்சாயணி திரும்பி ஓடினாள். ஓடிய வேகத்தில் கோட்டை அங்கேயே விட்டுவிட்டாள். கலவை அறையின் கண்ணாடியைத் தட்டி, "பூங்கோதை பையை நிறுத்துங்க. கலந்திருந்தா கீழே ஊத்துங்க" என்று அவள் போட்ட சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

*

திரையில் பூங்கோதையின் பழைய தவணைகளை வரிசையாகத் திறந்தாள். அளவு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது. அளவு கூடக் கூட விரல், பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்யும் மருந்து அது. ஒவ்வொரு ஏற்றமும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருந்ததால் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரி. சேர்த்துப் பார்த்தால் ஒரு பெண்ணை மாடிப்படியில் கையைப் பிடித்து ஏற்றி உச்சியிலிருந்து தள்ளிவிட்டது மாதிரி இருந்தது.

அளவை ஏற்றியது டாக்டர் இல்லை, செவி.

செவி வந்த பிறகு அங்கே டாக்டர்கள் அளவு எழுதுவதில்லை. எந்த மருந்து என்று மட்டும் எழுதுவார்கள். செவி என்பது புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி. ஆண்கள் சட்டைப் பையில் குத்திக்கொள்வார்கள். பெண்கள் தாலிக்கொடியில் ஊக்குகளோடு சேர்த்துக் கோத்துக்கொள்வார்கள். வீட்டில் நோயாளி பேசுவது, மூச்சு வாங்குவது, தூக்கத்தில் முனகுவது, நடை தள்ளாடுவது எல்லாம் அதற்குக் கேட்கும். தினமும் காலையில் அன்பான ஒரு குரலில், "இன்னிக்கு எப்படி இருக்கீங்க?" என்று விசாரிக்கும். கேட்டதையெல்லாம் வைத்து அடுத்த தவணையின் அளவை முடிவு செய்யும். ஒரே எடையுள்ள இரண்டு பேருக்கு ஒரே அளவு கொடுத்த காலம் காட்டுமிராண்டிக் காலம் என்று அறிமுக விழாவில் யாரோ பேசினார்கள். தாட்சாயணியும் கை தட்டியிருந்தாள்.

'நல்லாத்தான் இருக்கறேன்' என்று இந்தப் பெண்கள் சொல்வதை அது அப்படியே நம்பிவிட்டது. தாட்சாயணிக்குத் தோன்றியது இதுதான். செவிட்டு மிஷினுக்குச் செவி என்று பெயர்.

செவியைச் செய்த நிறுவனத்திலிருந்து தேஜஸ் என்ற இளைஞன் வாரம் ஒருமுறை வருவான். அவனைப் பிடித்துத் தன் அறையில் உட்கார வைத்தாள்.

"உங்க மிஷினுக்குக் காது கேக்கலை. வாய் சொல்றதை நம்பி ஏத்திட்டே போயிருக்கு. எங்க ஊருப் பொம்பளைங்க செத்துட்டு இருந்தாலும் நல்லாருக்கேன்னுதான் சொல்லுவாங்க. இதுகூடத் தெரியாம என்னத்தைச் செஞ்சீங்க?"

தேஜஸ் புண்பட்டுப் போனான். "கேக்கலைன்னு யார் சொன்னது மேடம்? அதுக்குத்தான் நாங்க ரொம்ப உழைச்சிருக்கோம். ஒரு நிமிஷம் கொடுங்க." அவனுக்கு மட்டும் உரிமை உள்ள பக்கத்தைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினான். "பாருங்க. வாய் நல்லாருக்கேன்னு சொல்லுது. ஆனா குரல்ல இறுக்கம், மூச்சைப் பிடிச்சுட்டுப் பேசறாங்க, பாத்திரத்தை அடிக்கடி கீழே போடறாங்க. எல்லாத்தையும் எடுத்திருக்கு."

திரையில் தெளிவாக இருந்தது. மறைக்கப்பட்ட வலி: கடுமை. இரண்டாம் தவணையிலிருந்தே அப்படித்தான். அதன் கீழே இன்னும் சில வரிகள். தாங்குதிறன்: மிக அதிகம். சிகிச்சையைக் கைவிடும் வாய்ப்பு: மிகக் குறைவு. பரிந்துரை: அளவை உயர்த்தலாம்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"வலின்னு தெரிஞ்சும் ஏத்துச்சா?"

"வலி ஒரு தகவல்தான் மேடம். பாதியில விட்டுட்டுப் போற நோயாளிங்கதான் அதிகம் செத்தாங்க. அதனால செவிக்கு நாங்க குடுத்த வேலை ரெண்டே ரெண்டு. கட்டி கரையணும், நோயாளி நின்னு போகக் கூடாது. வலியால யாராவது ஓடிப் போயிடுவாங்கன்னு தெரிஞ்சா அளவைக் குறைக்கும். ஓட மாட்டாங்கன்னா..."

"ஏத்தும்."

"கட்டி சீக்கிரம் கரையுமில்ல?"

"விரல்?"

தேஜஸ் விழித்தான். "விரலைப் பத்தி அதுக்கு ஒண்ணும் சொல்லலை மேடம். விரல் மரத்துப் போனதுக்காக யாரும் சிகிச்சையை நிறுத்தினதா எங்ககிட்ட தகவல் இல்லை."

தாட்சாயணி மேஜையை ஓங்கி அறைந்தாள். தேஜஸின் தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது. அவன் அதை எடுக்கக்கூடக் குனியவில்லை.

"கோதண்டபாணி பக்கத்தைத் திற" என்றாள். மரியாதை போயிருந்தது.

கோதண்டபாணி மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்தம் எடுக்க நர்ஸ் வந்தாலே வராந்தா வரைக்கும் குரல் கேட்கும். காபி ஆறிப் போயிருந்தாலும் மருத்துவமனைத் தலைவருக்குப் புகார் போகும். திரையில் அவருக்கு எழுதியிருந்தது: தாங்குதிறன் குறைவு, கைவிடும் வாய்ப்பு அதிகம், அளவைக் குறைக்கலாம். குறைத்துக் குறைத்து, அவருக்குள் போய்க்கொண்டிருந்த மருந்து கட்டியைச் சீண்டுவதற்குக்கூடப் போதாது. கடைசி ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. அவர் அன்றும் வந்து, தனக்குப் பக்க விளைவே இல்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

*

மருத்துவப் பிரிவின் தலைவர் டாக்டர் இளங்குமரன் கெட்டவர் இல்லை. நோயாளி இறந்தால் அன்று மதியம் சாப்பிடாதவர். தாட்சாயணி சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"இப்போ என்ன செய்யச் சொல்றீங்க?"

"செவியை நிறுத்துங்க. பழையபடி அளவு நாம போடுவோம்."

"பழையபடி." அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்தினார். "பழையபடி என்ன நடந்துச்சு தாட்சாயணி? ரெண்டு தவணை வாந்தி எடுத்துட்டு வீட்டுக்குப் போறவங்க திரும்ப வர மாட்டாங்க. நான் போன் பண்ணுவேன். எடுக்க மாட்டாங்க. அப்புறம் ஒருநாள் கட்டி வெடிச்சு, ஈ மொய்க்க, ஆம்புலன்ஸ்ல வருவாங்க. செவி வந்த பிறகு அப்படி ஒரு நோயாளியை நான் பார்க்கலை. பூங்கோதைக்குக் கட்டி மொத்தமா மறைஞ்சிருக்கு. அந்த அம்மா பிழைச்சிருக்காங்க."

"பிழைச்சு? எதை வெச்சுப் பிழைப்பாங்க? அவங்க டெய்லர் சார்."

"உயிரா விரலான்னு கேட்டா..."

"கேட்டீங்களா? அவங்ககிட்ட யாராவது அப்படிக் கேட்டீங்களா?"

டாக்டர் கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"கேட்டிருந்தா அவங்களே உயிர்னு சொல்லியிருப்பாங்க. சொல்லிட்டு, கொஞ்சம் கம்மியாக் குடுத்தாலும் கட்டி கரையுமான்னு திருப்பிக் கேட்டிருப்பாங்க. கரைஞ்சிருக்கும் சார். வழக்கமான அளவிலேயே கரைஞ்சிருக்கும், அது உங்களுக்கும் தெரியும். கத்தறவருக்கு மருந்து பத்தலை, கத்தாதவளுக்கு விஷம். ரெண்டு பேரையும் கெடுத்துட்டு, யாரும் நின்னு போகலைன்னு சந்தோஷப்பட்டுட்டு இருக்கோம். கோதண்டபாணி வந்துட்டேதான் இருக்காரு. எதுக்கு சார் வர்றாரு?"

"கத்தாதீங்க தாட்சாயணி."

"கத்தறவங்களைத்தானே இங்க கவனிக்கறீங்க!"

அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள்.

*

மறுநாள் காலையில் அவள் ஒப்புதல் கொடுக்கவில்லை, ஒருவருக்கும். கலவை அறையில் கையுறை மாட்டிக்கொண்டு நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். கூடத்தில் நாற்காலிகள் நிரம்பின. உப்புக் கரைசல் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கோபிசெட்டிபாளையத்திலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறி வந்தவர்கள் மணியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கோதண்டபாணியின் சத்தம்தான் முதலில் எழுந்தது.

தன்னால் இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு உறுத்தியது. தள்ளிப் போகும் ஒவ்வொரு தவணையும் கட்டிக்குக் கிடைக்கும் விடுமுறை என்பதும் தெரியும். அந்த உறுத்தலும் கோபமாகத்தான் வெளியே வந்தது. டாக்டர் இளங்குமரன் கீழே இறங்கி வந்து, "என்ன செய்யறீங்க? இது வேலைநிறுத்தமா?" என்று கேட்டபோது, "வேலையே இன்னிக்குத்தான் சார் ஆரம்பிக்கறேன்" என்றாள்.

கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முதல் நாற்காலிக்குப் போனாள். "அம்மா, இதுக்குப் பொத்தான் போடுங்க."

காங்கயத்தில் எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் ஓர் அம்மா. மேல் பொத்தானைப் போட முடிந்தது, அடுத்தது முடியவில்லை. அடுத்த நாற்காலியில் பள்ளிக்கூட டீச்சர், சாக்பீஸ் கையில் நிற்பதில்லை என்று மூன்று தவணையாக யாரிடமும் சொல்லாதவள். அதற்கடுத்து கல்யாணமாகி ஆறு மாதமே ஆன ஒரு பெண். கோட்டை மடியில் வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தாள். டாக்டர் அவள் அருகில் வந்து நின்றதும் நிமிர்ந்து, பளிச்சென்று சிரித்து, "நல்லாருக்கேனுங்க டாக்டர்" என்றாள். விரல்கள் அப்போதும் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தன.

டாக்டர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவளிடமிருந்து கோட்டை மெதுவாக வாங்கி, தானே அடுத்த நாற்காலிக்கு எடுத்துப் போனார்.

அன்று எல்லோருக்கும் மருந்து ஏறி முடிய வழக்கத்தைவிட வெகு நேரமாயிற்று. அளவுகளை தாட்சாயணியும் டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்து போட்டார்கள். சிலருக்குக் குறைத்தார்கள், சிலருக்கு நிறுத்தினார்கள். கோதண்டபாணிக்கு ஏற்றினார்கள். ஏன் என்று டாக்டர் விளக்கியபோது அவர் முதன்முறையாகச் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "ஆக, நான் கத்தினதுதான் என் கட்டிக்குச் சோறு போட்டுச்சா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். டாக்டர் ஆமாம் என்று தலையாட்டினார்.

*

விசாரணை மருத்துவமனைத் தலைவரின் அறையில் நடந்தது. தலைவர் அனுசூயா ராமச்சந்திரன், டாக்டர், தேஜஸ், தாட்சாயணி. பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் பூங்கோதையை அழைத்திருந்தார்கள். அவளோடு கணவன் தங்கவேல் வந்திருந்தான். சாயப்பட்டறையில் வேலை, நகக்கண்களில் நீலம் ஏறிக் கிடந்தது. உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தான்.

தாட்சாயணிக்கு ஒரே பயம், பூங்கோதை 'பரவால்லீங்க' என்று சொல்லிவிடுவாள் என்பது. அந்த ஒரு சொல் போதும், எல்லோரும் எழுந்து காபி குடிக்கப் போய்விடுவார்கள்.

தலைவர் நிதானமாகத்தான் கேட்டார். "தேஜஸ், ஒண்ணு புரியலை. இந்தத் தாங்குதிறன்னு போட்டிருக்கே, இதை உங்க மிஷின் எதை வெச்சு அளக்குது? குரலை வெச்சா?"

"குரல் எல்லாம் பிறகு மேடம். ஆரம்பப் புள்ளி வேற." தேஜஸ் தயங்கினான். "முதல் நாள் நோயாளியோட கூட வந்தவங்ககிட்ட செவி ஒரு கேள்வி கேக்கும். 'இவங்க வலி தாங்குவாங்களா?'ன்னு. கூடவே இருக்கறவங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்னு அப்படி வெச்சோம். அவங்க சொல்ற பதில்லதான் அது தொடங்கும். மத்ததெல்லாம் அதுக்கு மேல கட்டினது."

"பூங்கோதைக்கு யார் பதில் சொன்னது?"

தேஜஸ் திரையில் எதையோ தொட்டான். மேஜை மேலிருந்த சிறிய ஸ்பீக்கரிலிருந்து தங்கவேலின் குரல் வந்தது. அது சந்தோஷமான குரல், பெருமை பொங்கும் குரல்.

"யாரு, எங்க கோதையா? எதா இருந்தாலும் தாங்குவாளுங்! ரெண்டாவது பிள்ளை பொறக்கறதுக்கு மொத நாள் வரைக்கும் மிஷின்ல உக்காந்திருந்தா. கொதிக்கற எண்ணெய் காலு மேல கொட்டி, ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியாமப் பந்தி பரிமாறுனவ. நீங்க பயப்படாம வைத்தியம் பண்ணுங்."

"மத்தவங்களுக்கு?" என்றார் தலைவர். அவர் குரல் மாறியிருந்தது.

பெயர் சொல்லாமல் வரிசையாகக் குரல்கள் வந்தன. ஒரு மகன்: "எங்கம்மாவா? தாங்குவாங்க." ஒரு மாமியார்: "அவளுக்கென்ன, இரும்பு ஒடம்பு." ஒரு அண்ணன்: "தாங்கிக்குவா, அவளுக்கு இதெல்லாம் பழக்கந்தான்." புதிதாகக் கல்யாணமான ஒருவன், சிரித்தபடி: "என்னையவே தாங்கறா, இதைத் தாங்க மாட்டாளா?" நடுவில் ஒரு வயதான பெண்ணின் குரல் மட்டும் கெஞ்சியது: "அவருக்கு முள்ளு குத்தினாலே ஆகாதுங்க. பார்த்துக் குடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." அது கோதண்டபாணியின் மனைவி.

"போதும், நிறுத்துங்க" என்றார் தலைவர்.

தாட்சாயணி இத்தனை நாளும் ஒரு மிஷின் மீது வைத்திருந்த கோபம் சட்டென்று இடம் தெரியாமல் நின்றது. ஓட்டை மிஷினாக இருந்திருந்தால் உடைத்துப் போட்டிருக்கலாம். இது கேட்டதை அப்படியே நம்பிச் செய்திருக்கிறது. இந்த ஊர் தன் பெண்களைப் பற்றி அன்போடும் பெருமையோடும் சொன்ன ஒரு சொல்லை எடுத்து, மருந்தாக்கி, அவர்கள் நரம்பிலேயே ஏற்றியிருக்கிறது.

தங்கவேலின் முகம் வெளிறிப் போயிருந்தது. "நல்லதுன்னு நெனச்சுத்தானுங்க சொன்னேன். பெருமையா... என்ர பொண்டாட்டியைப் பத்திப் பெருமையாத்தானுங்க சொன்னேன்."

எல்லோரும் பூங்கோதையைப் பார்த்தார்கள். அவள் கணவனைப் பார்க்கவில்லை, தேஜஸைப் பார்த்துக் கேட்டாள்.

"தம்பி, எனக்கு வலிக்குதுன்னு அதுக்கு எப்போ தெரியும்?"

"இரண்டாம் தவணையிலயே தெரிஞ்சுது அக்கா."

"நான் சொல்லாமயே?"

"சொல்லாமயே."

அவள் தாலிக்கொடியில் தொங்கிய கருவியைக் கழற்றப் பார்த்தாள். ஊக்கைத் திறக்க விரல் வரவில்லை. தங்கவேல் உதவக் கை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள். பிடித்து இழுத்ததில் ஊக்கு வளைந்து, கருவி கழன்று மேஜையில் விழுந்து உருண்டது.

"இந்தத் துணுக்குக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "ஒரே கட்டில்ல படுத்திருக்கற மனுசனுக்குத் தெரியல. சோறு போட்டுத் தட்டு கை நழுவி விழுந்தா, 'பார்த்து எடு புள்ள'ன்னு சொன்னீங்களே மாமா, ஏன் விழுதுன்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

"கோதை..."

"நான் பேசிக்கறேன்." அவள் குரல் உயரவில்லை. ஆனால் அறையில் இருந்த எல்லோருக்கும் சற்றுப் பின்னால் சாயத் தோன்றியது. "தாங்குவா, தாங்குவான்னு சொன்னீங்க. நான் தாங்கலீங்க. எண்ணெய் கொட்டுனப்பவும் தாங்கல. பிள்ளை பெத்தப்பவும் தாங்கல. வேற வழி இல்லாம இருந்தேன். ரெண்டும் ஒண்ணு இல்லீங்க."

டாக்டர் இளங்குமரன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தேஜஸ் மேஜையில் கிடந்த கருவியை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

நொய்யல்கரையில் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார்கள். கோட்டும் பொத்தானும் பார்க்காமல் இனி யாருக்கும் மருந்து கலப்பதில்லை என்று முடிவாயிற்று. மற்ற ஊர்களில் செவி முன்போலவே கேட்டுக்கொண்டிருந்தது. 'இவங்க வலி தாங்குவாங்களா?' என்பதை 'இவங்க மன உறுதி எப்படி?' என்று மாற்றியிருப்பதாக நிறுவனம் அறிவித்தது. அதைப் படித்த அன்று தாட்சாயணி உணவுக் கூடத்தில் தட்டை வீசியெறிந்துவிட்டாள். பிறகு உட்கார்ந்து, செவி இருக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் தன்னைப் போல ஒப்புதல் கொடுக்கும் மருந்தியலாளர் யார் யாரென்று விசாரிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கத்த வேண்டியிருந்தது.

விசாரணை முடிந்த அன்று மதியம், மருந்தகத்துக்கு வெளியே தங்கவேல் அவளுக்காகக் காத்திருந்தான்.

"மேடம், விரலுக்கு உணர்ச்சி திரும்பி வருமுங்களா?"

"வரலாம். வராமலும் போகலாம். எனக்குத் தெரியாது." ஆறுதல் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"நான் இனி என்னங்க பண்றது?"

"என்னை ஏன் கேக்கறீங்க? என்கூடயா நீங்க குடும்பம் நடத்தறீங்க?"

அப்போது பூங்கோதை கழிப்பறையிலிருந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தலைத்துணி நனைந்திருந்தது. பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"மேடம், எங்கெங்க வலிக்குதுன்னு முதல்ல இருந்து ஒழுங்காச் சொன்னா உங்களுக்கு உபயோகப்படுமுங்களா?"

"படும்."

"நேரம் ஆகுமுங்க."

"ஆகட்டும்."

தங்கவேல் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான். பெண்கள் பேசிக்கொள்ளட்டும் என்று நினைத்திருப்பான்.

"எங்க போறீங்க?" என்றாள் பூங்கோதை. "உக்காருங்க மாமா. நீங்களுந்தான் கேக்கோணும்."

அவன் வந்து உட்கார்ந்தான். அவள் செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தூக்கிப் பெஞ்சின் மேல் அவன் பக்கமாக வைத்தாள்.

"உள்ளங்கால்ல இருந்து ஆரம்பிக்கறனுங்க" என்றாள்.